கூச்சிங் பயணக் குறிப்புகள்: தவளைகளுக்காக ஒன்றுகூடியவர்கள்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகக் கூச்சிங் வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து வருவது உள்நாட்டுப் பயணமே என்றாலும், போர்னியோ தீவிலுள்ள சரவாக் மாநிலத்தில் கடவுச்சீட்டை மீண்டும் காட்டி முத்திரை பெற வேண்டும். குடிநுழைவு அதிகாரத்தை அம்மாநிலம் தன்னிடமே வைத்திருக்கிறது. நாளை முதல் வெள்ளிக்கிழமை வரை இங்கே பத்தாவது உலக ஊர்வன, இருவாழ்வி ஆய்வு மாநாடு நடைபெறுகிறது. பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவற்றை ஆராய்வோரும், தவளை, தேரை, வாலுள்ள சலமாண்டர், காலில்லாத சிசிலியன் ஆகியவற்றை ஆராய்வோரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பேரவை இது. ஆனைமலையின் ஓடைகளில் தவளைகளைக் கவனித்து வருபவன் என்பதால், நான் இருவாழ்விகளைப் பற்றி மட்டுமே எழுதப்போகிறேன்.

இம்மாநாட்டின் முதல் கூட்டம் 1989 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில், கென்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதற்கு வந்தவர்கள் பெரும்பாலும் தத்தம் இனங்களின் உடற்கூறு, வகைப்பாடு, நடத்தை பற்றிப் பேசவே வந்திருந்தார்கள். ஆனால் தேநீர் இடைவேளைகளில் வேறொரு பேச்சு பரவியது. கோஸ்டாரிகாவின் மோன்டேவர்டே மேகக்காட்டில் 1987இல் 1,500க்கும் மேற்பட்ட பொன்தேரைகள் இனப்பெருக்கத்துக்குக் கூடியதைக் கண்டவர்கள், 1989இல் ஒன்றே ஒன்றைத்தான் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், முட்டைகளை விழுங்கி இரைப்பையில் வளர்த்து வாய்வழியே குஞ்சுகளை வெளியிடும் தவளை இனங்கள் இரண்டு இருந்தன. ஒன்றை 1981க்குப் பிறகும் மற்றொன்றை 1985க்குப் பிறகும் காட்டில் எவரும் காணவில்லை. இவற்றில் பல, மரம் வெட்டப்பட்ட இடங்களோ நீர் மாசடைந்த இடங்களோ அல்ல, காக்கப்பட்ட காடுகள். ஒவ்வொருவரும் தம் ஓடையில் ஏதோ ஓர் ஆண்டின் மழைக்குறைவால் நேர்ந்தது என்று எண்ணி வாளாவிருந்த ஒன்றை, மற்ற கண்டங்களிலிருந்து வந்தவர்களும் சொன்னபோதுதான், அது தம் ஓடையின் கதை மட்டுமல்ல என்பது தெரிந்தது. மாநாடுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் இதற்கென ஒரு சிறப்புக் கூட்டம் நடந்தது. 1991இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின்கீழ், இருவாழ்விகளின் சரிவை ஆராய ஒரு செயற்குழு இயங்கத் தொடங்கியது. ஐயம் எழுப்பியவர்களும் இருந்தார்கள். தென் கரோலினாவின் ஒரு குட்டையில் 12 ஆண்டுகள் தொடர்ந்து எண்ணியவர்கள், இருவாழ்விகளின் எண்ணிக்கை இயல்பாகவே ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும் என்றும், சில ஆண்டுகளின் வீழ்ச்சியை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றும் 1991இல் தரவோடு எழுதினார்கள். அந்த எதிர்வாதம் நன்மையே செய்தது என்பேன். நீண்டகாலக் கணக்கெடுப்பு இல்லாமல் எதையும் நிறுவ முடியாது என்பதை அது எல்லோரையும் ஏற்க வைத்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

சரவாக் ஆற்றங்கரையில் நகரின் நெரிசலிலிருந்து விலகி நிற்கும் போர்னியோ மாநாட்டு மையத்தில் தொடக்க விழா நடந்தது. இந்தியாவிலிருந்து வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டதும் முதலில் பேசிக்கொண்டது வயநாட்டைப் பற்றியே. ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு அழித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த மலைகளில் களப்பணி செய்தவர்களுக்கு அங்கே தேநீர் கொடுத்த வீடுகள், வழிகாட்டிய மனிதர்கள் எல்லாரும் நினைவுக்கு வருகிறார்கள். சிலர் கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காமல் அரங்குக்குள் அமர்ந்திருந்தார்கள்.

அரங்குகளில் திரும்பத் திரும்பத் திரையில் வந்தவை, 2023 அக்டோபரில் வெளியான இரண்டாவது உலக இருவாழ்வி மதிப்பீட்டின் எண்கள். 2004இல் முடிந்த முதல் மதிப்பீடு 5,743 இனங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாகக் கண்டது. இரண்டாவது மதிப்பீடு 8,011 இனங்களை ஆராய்ந்தது, ஆபத்திலுள்ளவை 40.7 விழுக்காடு. பாலூட்டிகளில் இப்பங்கு கால்பகுதியைச் சற்றே தாண்டுகிறது, ஊர்வனவற்றில் ஐந்தில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது, பறவைகளில் எட்டில் ஒன்று. முதுகெலும்பு விலங்குகளில் முழுமையாக மதிப்பிடப்பட்ட எந்தத் தொகுதியும் இருவாழ்விகளின் அளவுக்கு ஆபத்தில் இல்லை. இருவாழ்விகளுக்குள்ளும் சலமாண்டர்களின் நிலையே மிக மோசம். ஐந்தில் மூன்று பங்கு இனங்கள் ஆபத்தில் இருக்கின்றன.

எண்களைவிடக் காரணங்களின் மாற்றம் என்னை அதிகம் கலங்கச் செய்தது. 1980க்கும் 2004க்கும் இடையில் இனங்களின் நிலை தாழ்ந்ததற்குப் பெரும்பாலும் நோயும் வாழிட இழப்புமே காரணமாயிருந்தன. 2004க்குப் பிறகு நிலை தாழ்ந்த இனங்களில் 39 விழுக்காட்டுக்குத் தட்பவெப்ப மாற்றமே முதன்மைக் காரணம். ஈரமான தோல் வழியாகவே பெருமளவு மூச்சுவிடும் உயிரினத்துக்குக் காற்றின் ஈரமும் மழையின் பருவமும் எவ்வளவு முக்கியம் என்பதை ஓடைக்கரையில் ஓர் இரவு அமர்ந்தவர்களும் உணர்வார்கள். மழை தள்ளிப்போனால் அழைப்பொலி தள்ளிப்போகிறது. இடையில் வறட்சி வந்தால் இலைச்சருகின்மீது இட்ட முட்டைகள் காய்ந்துபோகின்றன.

இம்மதிப்பீட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் பங்களித்தார்கள். ஓர் இனத்தின் பரப்பு, வாழிடம், எண்ணிக்கையின் போக்கு ஆகியவற்றை அந்நிலத்தை அறிந்தவர்களிடம் கேட்டு, ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்த்து எழுதுகிறார்கள். அரங்கின் கடைசி வரிசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை விழுக்காட்டுக்குப் பின்னால் எத்தனையோ பேரின் இரவுக் குறிப்பேடுகள் இருக்கின்றன.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாள் முழுவதும் நோய் பற்றிய அமர்வுகளில் இருந்தேன். 1989இல் கேன்டர்பரியில் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் இறந்த தவளைகளின் தோலில் ஒரே வகைப் பூஞ்சை இருந்ததை 1998இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதற்குப் பெயரும் இடப்பட்டது. கைட்ரிட் வகுப்பைச் சேர்ந்த அந்தப் பூஞ்சை, தோலின் கெரட்டின் என்னும் கடினப் புரதம் படிந்த மேலடுக்கில் குடியேறுகிறது. தலைப்பிரட்டைக்கு வாயுறுப்புகளில் மட்டுமே கெரட்டின் இருப்பதால் அப்பருவத்தில் அது பெரும்பாலும் சாவதில்லை. உருமாறித் தவளையானதும், உடல் முழுவதும் நோய்க்கு இடம் கிடைத்துவிடுகிறது. தவளையின் தோல் வெறும் போர்வையன்று, உடலின் உப்புகளை அளந்து வைத்திருக்கும் உறுப்பு. அது செயலிழந்ததும் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, இறுதியில் இதயம் நின்றுபோகிறது.

2019இல் வெளியான கணக்கின்படி, குறைந்தது 501 இருவாழ்வி இனங்களின் வீழ்ச்சியில் இப்பூஞ்சைக்குப் பங்குண்டு. அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு, உலகெங்குமிருந்து திரட்டிய பூஞ்சை மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், அது கிழக்காசியாவிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் பரவியது என்ற முடிவுக்கு வந்தார்கள். உணவுக்கும் ஆய்வுக்கும் வளர்ப்புக்குமாகத் தவளைகளை நாடுவிட்டு நாடு அனுப்பிய வணிகமே அதைக் கொண்டு சேர்த்திருக்க வேண்டும். ஆசியத் தவளைகள் நெடுங்காலம் அதனோடு வாழ்ந்து பழகியிருக்கலாம் என்பதால்தான் இங்கே கூட்டச்சாவு காணப்படவில்லை போலும். மேற்குத்தொடர்ச்சி மலையின் தவளைகளில் அது இருப்பது 2011இல் பதிவானது. அதனால் அச்சமில்லை என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக் கணக்கு வைக்காத இடத்தில் தவளைகள் குறைந்தாலும் தெரியாது. நம் மலைகளில் பெரும்பாலான ஓடைகளுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை.

இரண்டாவது பூஞ்சை ஒன்றும் உண்டு. நெதர்லாந்தில் நெருப்புச் சலமாண்டர்கள் 2010 வாக்கில் மடியத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முற்றிலும் இல்லாமற்போனபோது, சலமாண்டர்களைத் தாக்கும் புதிய கைட்ரிட் பூஞ்சை 2013இல் கண்டறியப்பட்டது. இதுவும் ஆசியாவிலிருந்து வளர்ப்புப்பிராணி வணிகத்தோடு சென்றதே. உலகிலேயே மிகுதியான சலமாண்டர் இனங்கள் வாழும் நாடான அமெரிக்கா, நோய் வந்து சேருமுன்பே விழித்துக்கொண்டு, 201 சலமாண்டர் இனங்களின் இறக்குமதியை 2016 ஜனவரியில் நிறுத்தியது. முதல் பூஞ்சைக்குக் காரணம் தெரியவே ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. இரண்டாவதற்குப் பெயரிட்ட மூன்றே ஆண்டுகளில் எல்லையில் தடை வந்துவிட்டது. இருவாழ்வி நோயை ஆராய்வோர் அதற்குள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், கூடிப் பேசும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. இந்த வேகத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஜூன் மாத இறுதியில் வெளியான சிட்னி ஆய்வைப் பற்றி உணவு மேசைகளில் எல்லோரும் பேசினார்கள். முதல் பூஞ்சை குளிர்ந்த இடங்களை விரும்பும். 30 பாகை செல்சியஸுக்கு அருகில் அதனால் தாங்க முடியாது. அங்கே பச்சையும் பொன்னிறமும் கலந்த மணித்தவளைகள் குளிர்காலத்தில்தான் நோயால் சாகின்றன. கருப்பு வண்ணம் பூசிய துளைச் செங்கற்களைச் சிறிய பசுமைக்குடிலுக்குள் அடுக்கி வைத்தார்கள். வெயிலில் சூடேறும் அத்துளைகளுக்குள் தவளைகள் தாமாகவே புகுந்து இருந்தன. உடல் சூடேற நோய் குறைந்தது. அப்படிக் குணமானவை மறுபடி தொற்று வந்தபோதும் தாக்குப்பிடித்தன. எவரும் தம் வீட்டுப் பின்புறத்தில் கட்டிவிடக்கூடிய மருத்துவமனை அது. மஜோர்க்கா தீவில் மருத்துவச்சித் தேரையைக் காக்க, தலைப்பிரட்டைகளைப் பிடித்து மருந்திட்டுக் குட்டைகளைக் கிருமிநீக்கம் செய்து, அங்கிருந்து பூஞ்சையை ஒழித்ததை 2015இல் அறிவித்தார்கள். ஆனால் அது பாறைக் குட்டைகள் கொண்ட சிறு தீவு. மழைக்காட்டு ஓடைகளில் அதைச் செய்ய இயலாது. செய்யவும் கூடாது, மற்ற உயிர்கள் சாகும். செங்கல் முறை ஓடைத் தவளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்டேன்; அந்த இனத்தின் சூட்டுத் தேவையை முதலில் அளந்து பாருங்கள் என்றார்கள். நியாயமான பதில்.

ஆகஸ்ட் 7, புதன்

பகலில் சுவரொட்டி அமர்வு. இளம் ஆய்வாளர்கள் தத்தம் ஆய்வுப் பலகையின் அருகில் நின்று, வருவோர் போவோர் எல்லோருக்கும் சலிக்காமல் விளக்கினார்கள். மேடை உரைகளைவிட இங்கேதான் களத்தின் நுட்பங்கள் கைமாறுகின்றன. பஞ்சுமுனைக் குச்சியால் தவளையின் தோலை எத்தனை முறை வருட வேண்டும், மாதிரியைக் குளிர்பெட்டியின்றி எப்படி வைத்திருப்பது, ஒலிப்பதிவுக் கருவியை மழையிலிருந்து எப்படிக் காப்பது என்பதெல்லாம் கட்டுரைகளில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

மாலையில் சிறு குழுவாகக் குபா தேசியப் பூங்காவுக்குச் சென்றோம். கூச்சிங்கின் மேற்கே, காரில் அரைமணி நேரம் சென்றால் செராப்பி மலையடிவாரம். மலைப்பாதையில் ஏறும் வழியில் இயற்கையாக அமைந்த தவளைக் குட்டை ஒன்று இருக்கிறது. பூங்காவுக்குள் நுழையுமுன் எல்லோரும் காலணிகளைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைத்தோம். ஐந்து கண்டங்களின் ஓடைச்சேறு பட்ட காலணிகள் ஒரே வண்டியில் வந்திருந்தன. நோயைத் தடுக்கக் கூடியவர்களே அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடக்கூடாது என்பதில் ஒருவரும் சோம்பல் காட்டவில்லை.

இருட்டியதும் கொம்புத்தவளையின் அழைப்பு உரக்க வந்தது. கண்ணிமைகளுக்குமேல் கொம்புபோல் தோல் நீண்டிருக்கும் அது, காய்ந்த இலைகளுக்கு நடுவே நம் காலடியில் அமர்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அரம்போன்ற காதுவரம்புடைய மரத்தவளைகள் குட்டைக்கு மேலே கிளைகளில் இருந்தன. நான் காண விரும்பியது குடுவைத் தாவரங்களில் வாழும் குறுவாய்த்தவளையை. இப்பூங்காவிலிருந்து ஆய்வாளர்கள் இந்திரனீல் தாஸ், அலெக்சாண்டர் ஹாஸ் இருவரும் 2010இல் விவரித்த தவளை அது. 1928இலேயே பெயரிடப்பட்ட இனமே என்பது பின்னர் தெளிவானது. வளர்ந்த ஆண் 13 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. மழைநீர் நிறைந்த குடுவைக்குள் அதன் தலைப்பிரட்டைகள் வளர்கின்றன. அதன் குரல் மட்டும் தரையோரத்துக் குடுவைகளின் பக்கமிருந்து கேட்டது. குடுவைகளைக் கிளறிப் பார்க்க யாரும் முனையவில்லை.

தாஸின் குழு 2011இல் கண்டெடுத்த இன்னொரு உயிர் இங்கே எல்லோர் நாவிலும் இருக்கிறது. சம்பாஸ் ஓடைத்தேரை என்ற பலவண்ணத் தேரை 1924க்குப் பிறகு காணப்படாதிருந்தது, ஒளிப்படம்கூட இல்லை. காணாமற்போன இருவாழ்விகளைத் தேடும் உலகளாவிய முயற்சி 2010இல் தொடங்கப்பட்டபோது, சரவாக்கின் பென்ரிசென் மலைத்தொடரில் இரவு இரவாகத் தேடி அதைக் கண்டார்கள். கண்ட இடம் சரியாக எது என்பதை வெளியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வணிகர்கள் முந்தியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில், காட்டில் அற்றுப்போனவற்றைக் கூண்டில் வளர்த்துத் திருப்பி விடுவது பற்றிய நீண்ட விவாதம். தான்சானியாவின் கிஹான்சி சாரல்தேரையின் வரலாறு அதில் தவிர்க்க முடியாதது. அருவியின் சாரல் எப்போதும் தெறிக்கும் சில ஏக்கர் நிலத்தில் மட்டும் வாழ்ந்த இனம். முட்டையிடாமல் குட்டி ஈனும் தேரை. 1999இல் அறிவியல் அதற்குப் பெயரிட்ட வேளையில் மேலே நீர்மின் அணை எழுந்துவிட்டது. நீர் திருப்பப்பட்டதும் சாரல் நின்றது. சுமார் 500 தேரைகளை அமெரிக்க விலங்கியல் பூங்காக்களுக்குக் கொண்டுசென்றார்கள். அருவியடியில் செயற்கைச் சாரல் குழாய்கள் அமைத்தும், 2003இல் காட்டில் மிஞ்சியவை சட்டென்று சரிந்தன. கைட்ரிட் பூஞ்சையும் அங்கே காணப்பட்டது. 2009இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இனம், 2012இல் அருவிக்குத் திரும்பியது. கூண்டிலிருந்து காட்டுக்கு இருவாழ்வி ஒன்றைத் திருப்பிய அரிய முயற்சி இது. ஆயினும் குழாய்கள் நின்றால் என்னாகும் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. வாழிடம் இருக்கும்போதே காப்பதற்கு ஆகும் செலவும் உழைப்பும் இதில் ஒரு சிறு பகுதிதான் என்பதை இதைக் கேட்ட ஒவ்வோர் அரசும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிற்பகலில் இலங்கை ஆய்வாளர் ஒருவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். இப்பேரவையின் நான்காவது கூட்டம் 2001 டிசம்பரில் இலங்கையின் பெந்தோட்டையில் நடந்தது. அடுத்த ஆண்டே, அத்தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட மரத்தவளை இனங்கள் வாழ்வதாக இலங்கை ஆய்வாளர்கள் உலகுக்குக் காட்டினார்கள். அதுவரை அறியப்பட்டிருந்தவை மிகச் சில. பழைய அருங்காட்சியகப் புட்டிகளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டபோது மற்றொன்றும் தெரிந்தது: முன்பு பிடித்துவைக்கப்பட்டவற்றுள் பல இப்போது காட்டில் இல்லை. உலகில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இருவாழ்விகளில் கணிசமான பங்கு இலங்கையினுடையது. ஈரமண்டலக் காடுகள் தேயிலைக்கும் காப்பிக்கும் அழிந்ததே அதற்கு முதற்காரணம். இத்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. ஈரச் சருகில் இட்ட முட்டையிலிருந்து நேராகத் தவளைக்குஞ்சு வரும். காட்டு நிழல் போனால் முட்டை உலர்ந்துவிடும். அதே வாழ்முறை கொண்ட புதர்த்தவளைகள் வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைத் துண்டுகளிலும் வாழ்கின்றன. இலங்கையில் நடந்தது வால்பாறையில் எந்த அளவுக்கு நடந்து முடிந்துவிட்டது என்று அவர் கேட்டார். பழைய கணக்கு இல்லாததால் என்னால் சொல்ல முடியவில்லை. 1853இல் விவரிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு காணப்படாத ஒரு தவளை, 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் மீண்டும் கிடைத்த செய்தியை அவர் சொன்னபோது, அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சி என்னையும் பற்றிக்கொண்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று நிறைவு. மனத்தில் நிற்பவை, அரங்கில் காலியாக இருந்த இடங்கள். இருவாழ்விகள் மிகுதியாக வாழும் வெப்பமண்டல நாடுகளின் ஆய்வாளர்கள் பலர், நுழைவிசைவு கிடைக்காமலோ விமானக் கட்டணத்துக்கு வழியின்றியோ இத்தகைய கூட்டங்களுக்கு வருவதில்லை. பத்தாவது கூட்டம் போர்னியோவில் நடந்தது அதனாலேயே எனக்கு நிறைவளிக்கிறது; தென்கிழக்காசிய மாணவர்கள் இத்தனை பேரைப் பார்க்க முடிந்தது. கேன்டர்பரியில் மோன்டேவர்டேயை நேரில் கண்டவர்கள் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஓடையை அறிந்தவர் வராவிட்டால் அந்த ஓடையைப் பற்றிய செய்தியும் வராது.

தவளைக்காக இவ்வளவு செலவா என்று நிதி தருவோர் கேட்பதாக ஒரு மாணவி வருந்தினார். அவருக்கு 2022இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னேன். கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் பூஞ்சையால் தவளைகள் சரிந்த பின்னான ஆண்டுகளில் மலேரியா உயர்ந்தது. உச்சத்தில், ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக நோயுற்றார். கொசுப்புழுக்களைத் தின்றவை போனதே அதற்கான விளக்கம். தவளைகள் தமக்காகவே காக்கப்பட வேண்டியவை என்பதே என் நிலைப்பாடு. ஆனால் நிதிக்குழுவின் முன் இந்த எண்ணும் கையில் இருக்கட்டும்.

மாலையில், மேற்குத்தொடர்ச்சி மலையில் வேலை செய்யும் நாங்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தோம். ஆனைமலை, நீலகிரி, அகத்தியமலை ஆகியவற்றில் ஆளுக்கோர் ஓடையைத் தெரிவுசெய்து, தென்மேற்குப் பருவமழைக்காலத்தில் ஆண்டுதோறும் ஒரே வாரத்தில், ஒரே நீளத்துக்கு, ஒரே முறையில் எண்ணுவது என்றும், தோல் மாதிரிகளை ஒரே விதமாக எடுத்து ஒரே ஆய்வகத்தில் சோதிப்பது என்றும், குறிப்புகளை அடுத்த உலக மதிப்பீட்டுக்கு உதவும் வடிவில் வைப்பது என்றும் எழுதிக்கொண்டோம். வனத்துறை அனுமதிக்கான விண்ணப்பத்தை யார் எழுதுவது என்பதில் சற்று நேரம் போனது. ஆனைமலைக்கு உரியதை நான் எழுதுகிறேன். இவ்வாண்டு மழை முடியுமுன் முதல் கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டுமானால், அது அடுத்த வாரமே போய்ச் சேர வேண்டும்.